பார் கவுண்டருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே குடிக்காம இருக்கீங்களா யாராவது?

ஓசூர்_பையன்:
வணக்கம் மக்களே. வயசு 31, ஒன்பது வருஷமா பெங்களூர்ல பார்டெண்டர் வேலை. குடிய விட்டு இன்னியோட 7 மாசம் 12 நாள் ஆகுது. நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி வெளிய வந்ததுலேர்ந்து ஒரு சொட்டு தொடல. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் இதுதான், மூணாவது மாசமே திரும்ப இதே கவுண்டருக்கு வந்துட்டேன், வீட்டு வாடகை நம்ம கதையெல்லாம் கேக்காதுல்ல.

கஸ்டமர் குடிக்கிறதப் பாத்தா எனக்கு ஒண்ணும் ஆகல, சத்தியமா. கஷ்டமே ராத்திரி ஒரு மணிக்கு மேலதான். ஷட்டர் இறக்கிட்டு ஐஸ் பின் காலி பண்ணி, கவுண்டர் மேல போட்டிருக்கிற ரப்பர் மேட்டத் தூக்கி சிங்க்ல கவுத்தா ரம்மு பீரு எலுமிச்சை சக்கரை எல்லாம் கலந்த தண்ணி ஒழுகும் பாருங்க, அந்த வாடை மூக்குல ஏறுனா வாயில எச்சி ஊறுது. கேவலமா இருக்கு சொல்லவே. அந்த நேரம் பாத்து பசங்க ஆளுக்கு ஒரு ஷாட் ஊத்துவானுங்க, எனக்கு மட்டும் கோக் வெச்சிட்டு "அண்ணன் சாமியாராயிட்டாரு"ன்னு ஒரு சிரிப்பு.

இது பத்தாதுன்னு புதுசா வந்த மேனேஜர் ஒவ்வொரு காக்டெயிலையும் ஸ்ட்ராவுல தொட்டு டேஸ்ட் பண்ணித்தான் வெளிய அனுப்பணும்ங்கறாரு. என்ன பண்றது? வேலைய விட்டுடவா?

கப்பல்காரன்:
தம்பி, நான் க்ரூஸ் கப்பல்ல பார்ல இருந்தவன், குடிய விட்டு 6 வருஷம் ஆச்சு. முதல்ல அந்த ஸ்ட்ரா விஷயத்துக்கு வரேன். ஒரு ராத்திரிக்கு 60 டிரிங்க் போடுறேன்னு வை, தொடுறது அரை மில்லின்னாலும் 30 மில்லி கலவை உள்ள போயிருக்கும். அளவ விட அந்த ருசி நாக்குல படுறதுதான் டேஞ்சர், ஏழு மாசமா தூங்கிட்டிருக்கிறத நீயே தட்டி எழுப்புற மாதிரி. ஜிக்கர்ல, அதான் அந்த அளவு கப்புல, அளந்து ஊத்து, சிரப்ப வாரம் ஒருக்கா ஒரே அளவுல காய்ச்சி வை, எலுமிச்சை மட்டும்தான் நாளுக்கு நாள் மாறும், அத தனியா நக்கிப் பாத்துக்கோ. மீதிக்கு பக்கத்துல நிக்கிற பையன டேஸ்ட் பண்ணச் சொல்லு. நான் கப்பல்ல மேனேஜர்கிட்ட "டாக்டர் மது தொடக்கூடாதுன்னுட்டாரு சார்"னு மட்டும்தான் சொன்னேன், பொய்யும் இல்ல பாரு. அதுக்கு மேல அவர் கேக்கவே இல்ல.

கஸ்டமர் ஷாட் வாங்கிக் குடுத்தா டானிக் வாட்டரோ வெறும் தண்ணியோ ஊத்தி சியர்ஸ் சொல்லிட்டுப் போ. ஆனா அத ஷாட்டுன்னு பில்ல ஏத்திடாத, அது திருட்டு.

அமெரிக்கால பென்ஸ் ஃப்ரெண்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஹோட்டல் தொழில்ல இருந்துக்கிட்டே குடிய விட்டவங்களுக்குன்னே. பென்னுங்கிற ஒரு செஃப் இறந்த பிறகு அவர் பேர்ல 2016ல சார்லஸ்டன்ல ரெண்டு ரெஸ்டாரண்ட்காரங்க ஆரம்பிச்சது. ஆன்லைன்லயும் கூடுறாங்க. இங்கிலீஷ் பரவால்லன்னா உக்காந்து பாரு, "ரப்பர் மேட்டு வாடை"ன்னா என்னன்னு அங்க வெளக்க வேண்டியதில்ல.

வெட்டிப்பேச்சு_வேலு:
கசாப்புக் கடையில வேலை பாக்குற சைவம் மாதிரி இருக்கே பாஸ் 😄 கன்ட்ரோல் இருந்தா வாரம் ஒண்ணு போட்டா ஒண்ணும் ஆகாது.

சிஸ்டர்_மதுரை:
வேலு, அட்மிட் ஆகி வந்தவர்கிட்ட வாரம் ஒண்ணுன்னு சொல்லாதீங்க. அந்த ஒண்ணுக்கு அப்புறம் திரும்ப அட்மிஷனுக்கு வந்தவங்கள எங்க வார்டுல எத்தனையோ பேர் பாத்துட்டேன்.

ஓசூர் தம்பி, ஒண்ணு கேக்கணும், குடிய விடுறதுக்குக் குடுக்குற டைசல்ஃபிரம் மாத்திரை எடுக்குறீங்களா? எடுத்தா ஸ்ட்ரா டேஸ்ட்டிங் பேச்சுக்கே இடமில்ல. கொஞ்சம் மது பட்டாலும் மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி வந்து, பிரஷர் எறங்கும், சிலருக்கு உயிருக்கே ஆபத்து. மாத்திரைய நிறுத்துனாலும் ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேலை உடம்புல இருக்கும். இன்னொண்ணு, உங்க கவுண்டர்ல காக்டெயில்ல சொட்டு விடுற கசப்புச் சாறு, அந்த பிட்டர்ஸ் பாட்டில பாருங்க, அங்கோஸ்டுரால 44.7 சதவீதம் ஆல்கஹால், நம்ம ஊர் விஸ்கியே 42.8தான். சோடாவுல நாலு சொட்டு விட்டுக் குடிச்சா அது மது இல்லாத மாக்டெயில்னு நினைச்சிடாதீங்க. ஆல்கஹால் ஃப்ரீ பீர்லயும் சிலதுல 0.5 சதவீதம் வரைக்கும் இருக்கும், லேபிள படிங்க.

(வீட்ல யாராவது குடிகாரருக்குத் தெரியாம சாம்பார்ல இந்த மாத்திரையக் கலக்குற ஐடியால இருந்தா தயவுசெஞ்சு வேணாம். கேஸ் பாத்திருக்கேன்.)

பேங்க்வெட்_பாய்:
எல்லாரும் சமாளி சமாளின்றீங்க, நான் மாத்திச் சொல்றேன். நான் சமாளிச்சேன், 11 மாசம். பன்னெண்டாவது மாசம் நியூ இயர் நைட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்டாஃப் மீல் சாப்ட்டது, ராத்திரி ரெண்டு வரைக்கும் வயித்துல ஒண்ணுமில்ல, மேனேஜர் வேற எல்லார் முன்னாடியும் கத்திட்டான், ஒரு கஸ்டமர் மிச்சம் வெச்ச கிளாச ஸ்டேஷனுக்குப் பின்னாடி குனிஞ்சு அப்டியே ஊத்திக்கிட்டேன். அடுத்தவன் எச்சி கிளாஸ்! மூணு வாரம் போச்சு அதுல. ஏஏன்னு குடிய விட்டவங்க கூடுற மீட்டிங்ல சொல்வாங்க, பசி கோவம் தனிமை அசதி, இந்த நாலும் சேரக்கூடாதுன்னு. எனக்கு அன்னிக்கு நாலும் ஒண்ணா நின்னுச்சு.

இப்ப அதே லைன்லதான் இருக்கேன், ஆனா பிரேக்ஃபாஸ்ட் ஷிஃப்ட். டிப்ஸ் பாதிதான். காலைல அஞ்சரைக்கு இட்லி ஆவி வாடையோட நாள் ஆரம்பிக்குது, எனக்கு அது போதும். உங்க ஹோட்டல் ஹெச்ஆர்ல கேட்டுப் பாருங்க ப்ரோ. பப்புன்னா அது முடியாது, அப்ப ஹோட்டலுக்கு மாறுங்க, ஒன்பது வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சும்மா இல்ல. யாருகிட்டயாவது பேசணும்னா போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446, டோல் ஃப்ரீ.

ஓசூர்_பையன்:
எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர், டைசல்ஃபிரம் எடுத்துட்டிருந்தேன், போன மாசம்தான் டாக்டர் நிறுத்துனாரு. பிட்டர்ஸ் விஷயம் சத்தியமா யோசிக்கல, தினமும் லைம் சோடாவுல விட்டுக் குடிச்சிட்டிருக்கேன் 🤦 மாத்திரை போடுறப்ப இந்தப் பழக்கம் இல்லாதது நல்லதாப் போச்சு.

கப்பல் அண்ணே, நேத்து மேனேஜர்கிட்ட நீங்க சொன்ன மாதிரியே டாக்டர் பேரச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னாரு, அப்புறம் மெதுவா "எங்கப்பாவும் நிம்ஹான்ஸ்தான்"னாரு. டேஸ்ட்டிங் இனி ஜூனியர் பையன் பாத்துப்பான். ரப்பர் மேட்டயும் அவனே கழுவுறேன்னுட்டான், பதிலுக்கு அவன் கிளாஸ் ரேக்க நான் தொடைக்கணும்.

பேங்க்வெட் ப்ரோ, டிஎம் பண்றேன். அந்த பிரேக்ஃபாஸ்ட் ஷிஃப்ட்ல சம்பளம் எவ்ளோன்னு சொல்லுங்க.