நிற்பது போலத் தெரிந்தது, நிற்கவில்லை

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மின்விசிறியின் வேகத்தை ஸ்ட்ரோபோஸ்கோப்பில் அளந்து வரச் சொன்னார்கள். விட்டுவிட்டு மின்னும் விளக்கு அது; மின்னும் வேகத்தைக் குமிழால் மாற்றலாம். மூன்று இறக்கை, 4 துருவ மோட்டார். வெளிச்சத்தை அடித்துக்கொண்டே குமிழைத் திருகினேன். மங்கலாகச் சுழன்றது மெல்லப் பின்னோக்கி ஊர்ந்து, அப்படியே நின்றது. திரையில் நிமிடத்துக்கு 4350. சந்தோஷமாக எழுதிக் கொடுத்தேன். சீனியர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 4 துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்றைத் தாண்டுமா தம்பி?"

இறக்கைகள் மூன்றும் பார்க்க ஒரே மாதிரி. விசிறி மூன்றில் ஒரு பங்கு சுற்றும்போதெல்லாம் ஒரு ஃபிளாஷ் விழுந்தால், ஒன்று இருந்த இடத்தில் அடுத்தது வந்து நிற்கும். கண்ணுக்கு எல்லாம் அசையாத ஒரே விசிறிதான். இத்தனைக்கும் ஓர் இறக்கையில் இருந்த கீறல் மூன்றிலும் வெளிறித் தெரிந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை.

அப்புறம் விசிறியை நிறுத்தி, ஒரு இறக்கையில் மட்டும் சாக்பீஸ் கோடு போட்டார். மறுபடி 4350-இல் மூன்று கோடு. குறைத்துக்கொண்டே வந்தால் 2900-இல் இரண்டு, 1450-இல் ஒன்றே ஒன்று. 725-க்கு இறக்கினாலும் ஒன்றுதான். அதனால் மேலிருந்து இறங்கி வர வேண்டும். முதலில் ஒற்றைக் கோடு நிற்கும் இடம்தான் நிஜ வேகம்.

* * *

இன்னொருவர் சொன்னது: இப்படி ஏமாற எனக்குக் கருவியே தேவைப்படவில்லை, டியூப்லைட்டே போதுமாக இருந்தது. பழைய சோக் வைத்தது, 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை மினுங்கும். லேத்தில் உலோகத் துண்டைப் பிடித்துச் சுழற்றும் மூன்று தாடை சக், நிமிடத்துக்கு 2000 சுற்று பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது நொடிக்கு ஏறக்குறைய 100 தாடை, மினுக்கத்தின் அதே கணக்கு. தாடைகள் சோம்பேறித்தனமாக நகர்வது போல இருந்தது. காதில் பஞ்சு வேறு. சீவி விழுந்த உலோகச் சுருளை எடுக்கக் கையை நீட்டிவிட்டேன். சக்கிலிருந்து வந்த காற்று விரலில் பட்டதும்தான் உறைத்தது. பட்டறைகளில் விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போடச் சொல்வது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது: எல்லாம் ஒரே நேரத்தில் மினுங்காது.

* * *

மூன்றாமவர் சொன்னது: என்னுடையது ஆபத்தில்லாத கதை. ரெக்கார்டு பிளேயர் தட்டில் 180 கோடு போட்ட வட்டத்தாளை வைத்து, அதே மாதிரி டியூப்லைட்டில் பார்த்தால், நிமிடத்துக்குச் சரியாக 33⅓ சுற்று வேகத்தில் கோடுகள் அசையாமல் நிற்கும். என்னுடையது பின்னோக்கி ஊர்ந்தது, அதாவது வேகம் குறைவு. பெல்ட் மாற்றினேன், சரியாயிற்று. போன மாதம் அறையில் நல்ல எல்இடி விளக்கு மாட்டினேன். மினுக்கமே இல்லை, கோடுகள் எல்லாம் ஒரே சாம்பல் பட்டையாகிவிட்டன. வேகம் பார்ப்பதற்கென்றே பழைய டியூப்லைட்டைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன்.