விசிறி ரிலேக்குப் பெயர்: ஓய்வொட்டி, ஓய்விலகி

அனைவருக்கும் வணக்கம்.

நம் கார் பழுதுபார்ப்புக் கையேட்டில், ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின்) இரண்டு வகைகளுக்கும் என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மோல்மேன் ஊர் ஐயா 'இயல்பில் மூடியது', 'இயல்பில் திறந்தது' என்று எழுதியிருந்தார். தட்டோன் ஊர்த் தம்பி, கடையில் எல்லாரும் என்.சி. (நார்மலி குளோஸ்டு), என்.ஓ. (நார்மலி ஓப்பன்) என்றுதான் சொல்கிறார்கள், அதையே வைத்துக்கொள்வோம் என்கிறார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே ரங்கூனில் ஓடும் பழைய டொயோட்டாவின் ரேடியேட்டர் விசிறியிடம் கொண்டுபோனால் இரண்டு பெயருமே காலை வாரிவிடுகின்றன.

1990களின் கொரோலா போன்ற பல வண்டிகளில் விசிறி ஓடுவதற்காக ரிலே வேலை செய்வதில்லை. விசிறியை ஓடவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. சாவியைத் திருப்பியதும் ரிலேயின் சுருளுக்கு மின்சாரம் வருகிறது. அந்த மின்சாரம் ரேடியேட்டர் பக்கம் இருக்கும் வெப்ப சுவிட்சு வழியாக வண்டியின் இரும்பு பாடிக்கு எர்த் ஆகிறது. சுருள் காந்தமாகி உள்ளே இருக்கும் முனைகளைப் பிரித்துப் பிடிக்கிறது; விசிறி நிற்கிறது. தண்ணீரின் சூடு 90 பாகையைத் தாண்டி ஏறியதும் சுவிட்சு எர்த்தை விட்டுவிடும். காந்தம் போய்விடும், முனைகள் தாமே ஒட்டிக்கொள்ளும், விசிறி சுழலும். இதில் அருமையான பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. சுவிட்சு கம்பி அறுந்தாலும் விசிறி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் இன்ஜின் வேகாது.

இந்த ரிலேயைத்தான் 'இயல்பில் மூடியது' என்கிறோம். ஆனால் வண்டி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி அதன் முனைகள் பிரிந்தே இருக்கின்றன. வேலை பழகும் பையன் 'இயல்பில்' என்பதை 'வழக்கமாக' என்று எடுத்துக்கொண்டால் தலைகீழாகப் புரிந்துகொள்வான். 'மூடியது' என்பதும் குழப்பம்தான். குழாயை மூடினால் தண்ணீர் நிற்கும். மின்சுற்றை மூடினால் மின்சாரம் ஓடும். பாடப்புத்தகத்தில் மூடிய சுற்று, திறந்த சுற்று என்று படித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. கோயில் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு நேரே கார் வேலைக்குப் போன பிள்ளைகளுக்காகத்தானே நாம் இந்தக் கையேட்டை எழுதுகிறோம்?

ரிலே ரிலேயாகவே இருக்கட்டும், அதை மாற்ற வேண்டியதில்லை. பெயரில் இரண்டு சேதி தெரிந்தால் போதும்: மின்சாரம் கொடுக்காதபோது என்ன நிலை, முனைகள் ஒட்டியிருக்கின்றனவா விலகியிருக்கின்றனவா. முதலில் 'ஓய்தொடு', 'ஓய்விடு' என்று யோசித்தேன். 'ஓய்விடு' என்பதை 'ஓய்வு இடு' என்று படித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன். இப்போது நான் முன்வைப்பவை: ஓய்வில் ஒட்டியிருப்பது ஓய்வொட்டி, ஓய்வில் விலகியிருப்பது ஓய்விலகி. உருகி (ஃபியூஸ்) என்ற சொல் எப்படி அமைந்ததோ அப்படியே இவையும் அமைகின்றன. பட்டறையில் பாயிண்டு ஒட்டிக்கிச்சு என்று பேசுவதற்கும் பக்கத்தில் நிற்கின்றன.

கையேட்டில் பழுது பார்க்கும் பகுதியை இந்தச் சொற்களோடு எழுதிப் பார்த்தேன்:

"இன்ஜின் ஆறியிருக்கும்போது சாவியை மட்டும் திருப்பு, ஸ்டார்ட் செய்யாதே. விசிறிப் பக்கம் கை வேண்டாம். வெப்ப சுவிட்சின் சொருகியைக் கழற்று. ஓய்வொட்டி ரிலே உள்ள வண்டியானால் 'டிக்' என்று சத்தம் கேட்டு விசிறி ஓட வேண்டும். ஓடினால் மோட்டார், உருகி, ரிலே மூன்றும் சரி. சுவிட்சு விலகாமல் ஒட்டிப்போயிருக்கிறதா என்று பார். ஓடவில்லை என்றால் ரிலேமேல் விரலை வைத்துக்கொண்டு சாவியை மறுபடி திருப்பு. சொருகி கழன்றிருக்கும்போதும் ரிலே இழுத்தால் (உள்ளே 'டிக்' என்று அசைந்தால்), சுவிட்சுக்குப் போகும் கம்பி வழியில் எங்கோ தோல் உரிந்து பாடியில் உரசுகிறது. ரிலே இழுக்காமலும் விசிறி ஓடாமலும் இருந்தால் உருகியையும் மோட்டார் சொருகியையும் பார்."

மோட்டார் சொருகியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும். ஏப்ரலில் திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) சமயத்தில் வாளி வாளியாக வண்டிமேல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அடுத்து ஐப்பசி வரை மழை. செம்பு முனையில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். பார்வைக்குக் கம்பி நன்றாக இருக்கும், டெஸ்ட் பல்பும் எரியும், விசிறி மட்டும் சோம்பிச் சுற்றும். பல்புக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும், விசிறி மோட்டாருக்குப் பல ஆம்பியர் வேண்டும். அதனால் விசிறி ஓடும்போதே மீட்டரை மோட்டாரின் எர்த் கம்பிக்கும் பேட்டரியின் எதிர் (மைனஸ்) முனைக்கும் நடுவில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். இதைப் பார்க்காமல் டாஷ்போர்டில் தனி சுவிட்சு வைத்து விசிறியை நேரடியாக ஓட்டிவிடுகிறார்கள். லெடான் சந்திப்பு நெரிசலில் ஓட்டுநர் அந்த சுவிட்சைப் போட மறந்தால் இன்ஜின் சூடேறி சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

இன்னொரு கெடுதலும் நடக்கிறது. ஓய்வொட்டி கிடைக்கவில்லை என்று ஓய்விலகி ரிலேயை வாங்கிக் கம்பியை இணைத்துவிடுகிறார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது விசிறி ஓடும், சூடானதும் நின்றுவிடும். இதைத் தடுக்கத்தான் பெயர் தெளிவாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

அப்புறம், 'ஓய்வு' என்றால் எது ஓய்வு என்று தம்பி கேட்பார். பொருளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருக்கும் நிலைதான் ஓய்வு என்று விதி வைப்போம். பிரேக் விளக்கு சுவிட்சைப் பாருங்கள். மிதியில் கால் வைக்காதபோது அந்த மிதியே சுவிட்சின் குச்சியை அழுத்திக்கொண்டிருக்கும், விளக்கு எரியாது. வண்டியை வைத்துப் பார்த்தால் அது ஓய்விலகி போலத் தோன்றும். கழற்றிக் கையில் வைத்து மீட்டரைத் தொட்டால் ஓய்வொட்டி என்று தெரியும். கடையில் வாங்கும்போதும் நாம் கையில் வைத்துத்தானே பார்க்கிறோம். நான்கு முனை ரிலேயில் ஒரு ஜோடி சில பத்து ஓம் காட்டும், அது சுருள். மற்ற ஜோடி பூஜ்யம் காட்டினால் ஓய்வொட்டி, ஒன்றும் காட்டாவிட்டால் ஓய்விலகி.

இந்த விதிப்படி நம் வெப்ப சுவிட்சும் ஓய்வொட்டிதான். ஏ.சி. குழாயில் உள்ள அழுத்த சுவிட்சுகளுக்கும் விதி பொருந்துகிறதா என்று ஐயா பார்த்துச் சொன்னால், அந்தப் பகுதியையும் எழுதி அனுப்புகிறேன்.