உம்மாவின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "எஞ்சிய திசு": சிகிச்சை பலிக்கவில்லையா?

அக்கரைப்பற்று வாசகி:
அனைவருக்கும் ஸலாம். எனது உம்மாவுக்கு 61 வயது. மலத்தோடு இரத்தம் போவதை மூலம் என்று எண்ணி, வெட்கத்தில் எட்டு மாதங்கள் எவரிடமும் சொல்லாமல் கைமருந்து செய்துகொண்டிருந்தார். பியொப்சியில் (திசுவைக் கிள்ளி எடுத்துச் செய்யும் சோதனையில்) குதப் புற்றுநோய் என்று தெரிந்தபின், கொழும்பில் தங்கவைத்து மருந்தோடு சேர்த்து 28 தடவைகள் கதிர்ச் சிகிச்சை கொடுத்தோம். அது முடிந்து ஆறரைக் கிழமையில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கை, கட்டி நன்றாகச் சுருங்கியுள்ளது என்றாலும் சிறிதளவு திசு எஞ்சியிருக்கலாம் என்கிறது. வைத்தியரோ கையால் சோதித்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுப்போம் என்று அனுப்பிவிட்டார். "மிச்சம் இருக்கிறதென்றால் உடனே வெட்டி எடுக்க வேண்டாமா?" என்று காக்கா (என் அண்ணன்) கேட்கிறார். இந்தக் காத்திருப்பு சரிதானா?

மட்டக்களப்பு கதிர்ப்படப் பிரிவு ஊழியன்:
தங்கச்சி, நான் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தோடு வேலை செய்பவன். அறிக்கை எழுதும் வைத்தியன் அல்லன். எனவே உம்மாவின் படத்தைப் பற்றி அல்லாமல், பொதுவாக அந்தப் படத்தில் என்ன பார்க்கிறார்கள் என்பதையே சொல்கிறேன்.

டி2 என்னும் ஒருவகை எம்.ஆர்.ஐ. படங்களில் உயிருள்ள கட்டி நடுத்தரச் சாம்பல் நிறத்தில் தெரியும். கட்டி கரைந்து தழும்பாக மாறிய இடம் கருத்துவிடும். கதிரால் வந்த வீக்கம் வெளுத்துத் தெரியும். சிகிச்சை முடிந்த சில கிழமைகளில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கலந்துகிடப்பதால், எது தழும்பு, எது மிச்சம் என்று பிரிப்பது கைதேர்ந்தவர்களுக்கே சிரமம். அதனால்தான் திசுவுக்குள் நீர் எப்படி அசைகிறது என்று காட்டும் டிஃபியூஷன் படமும் எடுக்கிறோம். கலங்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் இடத்தில் நீர் தாராளமாக அசையாது. அந்த இடம் டிஃபியூஷன் படத்தில் பளிச்சென்றும், நீரின் அசைவை அளந்து காட்டும் ஏ.டி.சி. வரைபடத்தில் கருப்பாகவும் தெரியும். இரண்டிலும் வெளிச்சமாக இருந்தால் அது பெரும்பாலும் வீக்கத்தின் நீர்தான். ஒன்றை மட்டும் பார்த்துப் பயந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

காக்காவின் கேள்விக்கு வருகிறேன். கதிர் பட்ட புற்றுக்கலம் அன்றைக்கே சாவதில்லை. பிரிந்து பெருக முயலும்போதுதான் பல கலங்கள் மடிகின்றன என்பதால், சிகிச்சை நின்ற பின்னும் கட்டி மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டிருக்கும். பிரித்தானியாவில் 940 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆக்ட் 2 ஆய்வில், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 11, 18, 26 ஆகிய வாரங்களில் சோதித்தார்கள். கட்டி முற்றாக மறைந்தவர்கள் 11ஆம் வாரத்தில் 52 சதவீதம். 26ஆம் வாரத்தில் 78 சதவீதம். 11ஆம் வாரத்தில் முற்றாக மறையாதிருந்து, தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 209 பேரில் 151 பேருக்கு 26ஆம் வாரத்தில் மறைந்திருந்தது. அவசரப்பட்டிருந்தால் அவர்களில் பலர் தேவையில்லாமல் குதத்தை இழந்து, வாழ்நாள் முழுக்க வயிற்றில் மலப்பையோடு இருந்திருப்பார்கள். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்தக் கணக்கு முக்கியமாக வைத்தியரின் கைச்சோதனையை வைத்து எடுக்கப்பட்டது, எம்.ஆர்.ஐ.யை வைத்து அல்ல. ஆகவே உங்கள் வைத்தியரின் விரல் சொன்னதையும் படம் சொன்னதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஆனால், கட்டி பெருத்தாலோ, அரையிலே புதிதாக நெறிகட்டினாலோ, இரத்தப்போக்கு கூடினாலோ மூன்று மாதம் என்ற கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே போய்க் காட்டுங்கள். கதிர் பட்ட தோல் ஆற நாள் பிடிக்கும் என்பதால், சந்தேகமே இல்லாதபோது பியொப்சி எடுக்கவும் தயங்குவார்கள்.

களுவாஞ்சிகுடி அக்கா:
என் கணவருக்கு இதே நோய்தான். நாங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன்: சிகிச்சைக்கு முன்பு எடுத்த ஸ்கேனின் சீடீயை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு, அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோனோம். முந்திய படம் இல்லாமல் எவ்வளவு சுருங்கியது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. சீடீயை எடுக்க ஊருக்கு ஒரு நாள் வீண் பயணம். முடிந்தால் இரண்டு ஸ்கேனையும் ஒரே இடத்தில் எடுங்கள். உம்மா முக்காட்டுக்குக் குத்தும் ஊசிகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கடைசி நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை.

அக்கரைப்பற்று வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் அந்த எம்.ஆர்.ஐ. 12ஆம் வாரத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் முடிந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தோம். அடுத்த ஸ்கேன் 26ஆம் வாரத்தை ஒட்டி வருகிறது. காக்காவும் கொப்பியை வாங்கி, விரலை விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை. பழைய சீடீயை இன்றே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.