உலாவி நீட்சிகள்: கட்டற்ற உரிமத்தை நம்புவதா, அங்காடியின் சான்றை நம்புவதா?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். காலி வீதியை ஒட்டிய ஓர் அறையில் மூன்று கணினிகளோடு மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்துகிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி என்று பிறருடைய ஆவணங்களே நாள்தோறும் எங்கள் உலாவியினூடாகப் போய்வருகின்றன. பாமினி என்ற பழைய எழுத்துரு முறையில் கைபழகிய எங்கள் தட்டச்சாளர் அக்கா, யூனிகோட்டில் எழுதுவதற்காக ஒரு நீட்சியை, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலை, நிறுவியிருக்கிறார். அது இலவசமானது, ஆனால் மூலநிரல் எங்கும் கிடைக்கவில்லை. சென்ற வாரம் அதன் அனுமதிகளைத் திறந்து பார்த்தேன்: எல்லா இணையத்தளங்களிலும் உள்ள தரவை வாசிக்கவும் மாற்றவும் உரிமை கொடுத்திருக்கிறோம். வங்கிக் கணக்கையும் அதே உலாவியில்தான் திறக்கிறோம். கணினி திருத்த வரும் தம்பி, மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் உரிமம் தரும் கட்டற்ற மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டால் பயமில்லை என்கிறார்; என் மகளோ நீட்சிகள் கிடைக்கும் உலாவி அங்காடியின் சான்று இருந்தாலே போதும் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

மூலநிரலன்:
ஐயா, இருவர் சொல்வதும் பாதிதான் சரி. குரோமில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் பயன்படுத்திய 'தி கிரேட் சஸ்பெண்டர்' கட்டற்ற நீட்சிதான். 2020 யூனில் அதை எழுதியவர் வேறொரு தரப்புக்கு விற்றார். அதே ஆண்டு ஒக்டோபரில் அங்காடிக்கு வந்த புதிய பதிப்பு, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் இருந்த நிரலோடு ஒத்துப்போகவில்லை. 2021 பெப்ரவரியில் கூகுள் அதைத் தீங்குநிரல் என்று நீக்கியது. உரிமம் நிரலைப் படிக்கும் உரிமையைத் தருகிறதே தவிர, உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்தது அதே நிரல்தானா என்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை. அங்காடியின் சோதனையும் அத்தனை மாதங்கள் அதைப் பிடிக்கவில்லை என்பதைத் தங்கள் மகளிடமும் சொல்லுங்கள்.

கட்டற்றவன்:
அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். பொதுவெளியில் பழைய நிரல் இருந்ததனால்தான் பயனர்கள் இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டார்கள். பழைய பதிப்பைச் சுத்தப்படுத்தி 'தி மார்வெலஸ் சஸ்பெண்டர்' என்று வெளியிடவும் முடிந்தது. மூடிய நிரலாக இருந்திருந்தால் ஒப்பிடுவதற்கே எதுவும் இருந்திராது. பாதுகாப்பின் பெயரால் போடப்படும் பூட்டுக்கும் ஒரு விலை உண்டு. பயர்பாக்ஸ் உலாவியை வெளியிடும் மொஸில்லாவின் கையொப்பம் இல்லாத நீட்சியைச் சாதாரண பயர்பாக்ஸ் 2016 முதல் ஏற்பதில்லை. அந்தக் கையொப்பங்களுக்கு அடிப்படையான ஒரு சான்றிதழ் 2019 மே 4 அன்று காலாவதியாகிவிட, குற்றமற்ற நீட்சிகள் உலகெங்கும் ஒரேயடியாக முடங்கின. நமக்கு அது சனிக்கிழமை விடியற்காலை. அன்று என் கணினியில் விளம்பரத் தடுப்பான்கூட இயங்கவில்லை.

பம்பலப்பிட்டியார்:
இருவரும் தட்டச்சு நீட்சியை மறந்துவிட்டீர்கள். பாமினி முறையில் ஆங்கில 'ஓ' விசையை அழுத்தினால் 'ழ' வர வேண்டுமென்றால், அந்த விசை அழுத்தப்பட்டதை நீட்சி அறிந்தே ஆக வேண்டும். ஆகவே அந்த அனுமதி மோசடிக்கான அடையாளம் அன்று. அந்த வேலைக்குத் தேவையானது. அத்தகைய அனுமதியோடு, யார் எழுதியது என்றே தெரியாத மூடிய நிரல் வங்கிப் பக்கத்திலும் உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். தட்டச்சை உலாவியிலிருந்தே வெளியே எடுங்கள். கீமேன் என்பது கணினியிலேயே நிறுவும் கட்டற்ற தட்டச்சு மென்பொருள். விண்டோஸில் நிறுவித் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் என்றால் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு கிடைக்கும். கீமேனும் விசைகளைப் பார்க்கத்தான் செய்யும், ஆனால் அதன் நிரல் திறந்திருக்கிறது, பராமரிப்பவர் யார் என்பதும் தெரியும். வங்கிக்கு நீட்சி எதுவுமே இல்லாத தனிச் சுயவிவரம் (புரொபைல்) ஒன்றை உலாவியில் உருவாக்குங்கள். ஐந்து நிமிட வேலை. விளம்பரத் தடுப்பான் வேண்டுமானால் பயர்பாக்ஸில் யூபிளாக் ஒரிஜின் போதும்; கட்டற்ற உரிமமும் உண்டு, மொஸில்லாவின் பரிந்துரையும் உண்டு.

வெள்ளவத்தைவாசி:
மிக்க நன்றி. நீட்சியை நீக்கி, வங்கிக்குத் தனிச் சுயவிவரம் வைத்துவிட்டேன். கீமேனை முதலில் ஒரு கணினியில் மட்டும் நிறுவியிருக்கிறேன். பாமினியில் கொம்பை முதலில் அடித்துப் பழகியவர் ஆகையால், அக்கா இன்று காலை முழுவதும் 'கொழும்பு' என்ற சொல்லோடு மல்லுக்கட்டினார். மற்ற இரண்டு கணினிகளையும் திங்கட்கிழமை மாற்றுவதாக இருக்கிறேன்.