நாசோ களவா: ஆயிரக்கணக்கில் கூடும் மீன் அருகிப்போனது எப்படி?

பார்க்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் பார்களை (கடலடிப் பாறைத்திட்டுகளை) ஒட்டிப் பிடிபடும் மீன்களில், ஆங்கிலத்தில் குரூப்பர் எனப்படும் களவாவுக்கு எப்போதும் தனி மதிப்பு உண்டு. அதனால் அந்தக் குடும்பத்து மீன்களைப் பற்றி எங்கே எழுதியிருந்தாலும் தேடிப் படிப்பது என் வழக்கம். அண்மையில் கரீபியக் கடலின் நாசோ களவாவைப் பற்றிப் படித்தபோது இரண்டு ஐயங்கள் எழுந்தன. அது முட்டையிடக் கூடும் இடங்களில் கடைசி ஆண்டுகள் வரை மீனவர்களுக்கு நிறைந்த பாடு (பிடிபடும் மீன்) கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது. பாடு குறையாதபோது மீன் மட்டும் எப்படி அழிவின் விளிம்புக்குப் போயிருக்கும்? கேமன் தீவுகளில் அந்த இடங்களில் மீன்பிடிக்க 2003-இல் தடை விதித்தும் மீன் பெருகுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது ஏன்? களவா எல்லாமே பெண்ணாகப் பிறந்து பின்னர் ஆணாக மாறுபவை என்பதால் இந்தத் தாமதம் ஏற்பட்டிருக்குமோ என்றும் நினைத்தேன்.

ஆழிவிளிம்பு

நண்பரே, உங்கள் முதல் ஐயத்துக்கான விடை அந்த மீனின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியை நாசோ களவா தனியாகக் கழிக்கும். தனக்கென ஒரு பொந்தும் அதைச் சுற்றிய சிறு எல்லையும் அதற்குப் போதும். குளிர்காலத்தில், கடல்நீர் 25 அல்லது 26 டிகிரிக்கு இறங்கியிருக்கும் முழுநிலவு நாட்களில், அது பல கிலோமீட்டர் தொலைவு நீந்தி, பாறைத்திட்டு ஆழ்கடலுக்குள் சரியும் விளிம்பில் குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வந்து சேர்கிறது. ஆண்டுதோறும் அதே இடம், ஏறத்தாழ அதே நாட்கள். கூடும்போது நிறமும் மாறுகிறது: வழக்கமான பட்டைகள் மறைந்து, மேற்பாதி கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் ஆகிவிடுகிறது. கதிரவன் மறையும் நேரத்தில் சிறு சிறு குழுக்களாக மேல்நோக்கிப் பாய்ந்து முட்டையையும் விந்தையும் நீரில் விடுகின்றன. பஹாமாஸின் பிமினி அருகே இருந்த ஒரு திரளில் 30,000 முதல் 1,00,000 வரை மீன்கள் இருந்ததாக 1972-இல் வெளியான விவரிப்பு மதிப்பிட்டது.

இப்போது ஒரு மீனவரின் படகிலிருந்து பாருங்கள். பல நூறு சதுர கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கும் மீனை ஒவ்வொன்றாகத் தேட வேண்டிய வேலை அவருக்கு இல்லை. நிலவைப் பார்த்து நாள் குறித்து, ஒரே இடத்தில் தூண்டிலை இறக்கினால் போதும். சுற்றுவட்டாரத்தில் 10,000 மீன்கள் இருந்தாலும் 2,000 மட்டும் மிஞ்சியிருந்தாலும், எஞ்சியவை அதே இடத்தில்தான் நெருக்கமாக நிற்கும். ஆகவே அன்றைய பாடு கடலின் இருப்பைக் காட்டாமல் திரளின் நெருக்கத்தையே காட்டுகிறது. பாடு விழுந்த பிறகுதான் ஆபத்து தெரியும் என்றால், அது தெரியும்போது திரளே இல்லாமல் போயிருக்கும். கரீபியத்தின் பல இடங்களில் நடந்ததும் இதுதான். கூடும் இடத்துக்கான வழியை இளைய மீன்கள் மூத்தவற்றைப் பின்தொடர்ந்தே அறிந்துகொள்கின்றன என்று கருதப்படுகிறது. அப்படியானால், ஒரு திரளை முழுவதும் பிடித்துவிடுவது வழிகாட்டிகளையும் சேர்த்துப் பிடிப்பதாகும்.

நுண்ணலை

பால்மாற்றம் குறித்து ஒரு திருத்தம். பல களவா இனங்கள் பெண்ணாக முதிர்ந்து பின்னர் ஆணாவது உண்மையே. நாசோ களவா இந்தப் பொதுவிதிக்கு உட்படவில்லை. அதன் குஞ்சுகளில் இருபால் திசுக்களும் ஒரு கட்டத்தில் காணப்படுகின்றன. ஆனால் பெரும்பாலான ஆண்கள் பெண் நிலையைக் கடக்காமலே ஆணாக முதிர்கின்றன. ஆண், பெண் இரண்டும் ஒரே அளவிலும் வயதிலும் காணப்படுவது இதற்கு ஒரு சான்று. எனவே தாமதத்துக்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்தக் காரணம் முதிர்ச்சி வயதுதான் என்பது என் கருத்து. மிதக்கும் முட்டை ஓரிரு நாளில் பொரிகிறது. இளவுயிரி 35 முதல் 40 நாள் வரை நீரோட்டத்தில் அலைந்து, பிழைத்தால் கரையோரப் பாசிப்படுகையில் வந்து தங்குகிறது. அங்கிருந்து வளர்ந்து முதன்முறையாகத் திரளில் சேர 4 முதல் 8 ஆண்டுகள் ஆகின்றன. மேலும், எல்லா ஆண்டும் குஞ்சுகள் கரைசேர்வதில்லை. நீரோட்டம் துணைபுரியும் ஆண்டுகள் அரிதாகவே வாய்க்கின்றன.

கேமன் தீவுகளில் ஒன்றான லிட்டில் கேமனின் மேற்கு முனையில் 2001-இல் கண்டறியப்பட்ட திரளில் ஏறத்தாழ 7,000 மீன்கள் இருந்தன; இரண்டே பருவங்களில் சுமார் 4,000 பிடிக்கப்பட்டன. அதன் பிறகே கேமன் அரசு 2003-இல் கூடும் இடங்களில் எட்டு ஆண்டுத் தடையைக் கொண்டுவந்தது. 2011-இல் தடை முடியும் தறுவாயில் மீட்சி போதாது என்று அதை நீட்டித்தார்கள். இந்த முடிவைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். எட்டு ஆண்டு பொறுத்த மீனவர்களிடம் இன்னும் பொறுங்கள் என்று சொல்வது எந்த அரசுக்கும் எளிதன்று. 2016-இல் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை முழுத் தடையும், மற்ற மாதங்களில் 16 அங்குலத்துக்குக் குறைந்தவற்றையும் 24 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றையும் பிடிக்கக்கூடாது என்ற விதியும், படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஐந்து என்ற வரம்பும் சட்டமாயின. பெரியவற்றை விட்டுவிடச் சொல்வதன் காரணம், அவையே மிகுதியாக முட்டையிடுகின்றன என்பது. 2018-க்குள் அந்தத் திரள் மீண்டும் 7,000 அளவை எட்டியது. அதே 2018-இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டுச் செம்பட்டியல் இந்த இனத்தை மிக அருகிய நிலையில் சேர்த்தது என்பதையும் மறந்துவிடக்கூடாது; ஒரு தீவில் நடந்தது கரீபியம் முழுவதும் நடக்கவில்லை.

பார்க்கரை

இருவருக்கும் நன்றி. பால்மாற்றம் பற்றிய என் எண்ணத்தைத் திருத்திக்கொள்கிறேன். பிடிபடும் மீனின் அளவைக் கொண்டு எண்ணிக்கையை அறிய முடியாது என்றால், அந்த 7,000-ஐ எப்படி எண்ணினார்கள்? நீருக்கடியில் அலையும் கூட்டத்தை ஒருவர் எண்ணிவிட முடியுமா?

ஆழிவிளிம்பு

நேரடியாக எண்ணவில்லை. கேமன் சுற்றுச்சூழல் துறையும் ரீஃப் என்ற தன்னார்வ அமைப்பும் இணைந்து நடத்தும் ‘குரூப்பர் மூன்’ திட்டத்தில், சில மீன்களைப் பிடித்து வெளியே தெரியும்படி அடையாளக் குறி பொருத்தித் திரளிலேயே விட்டுவிடுகிறார்கள். பிறகு மூழ்காளர்கள் கூட்டத்துக்குள் நீந்தி, கண்ணில் படும் மீன்களில் எத்தனைக்குக் குறி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். 100 மீன்களுக்குக் குறியிட்டு, பார்த்தவற்றில் இருபதில் ஒன்றுக்குக் குறி தென்பட்டால், திரளில் சுமார் 2,000 இருக்கும் என்பது கணக்கு. காணொளிப் பதிவும் துணைக்கு உண்டு.

நம் நாட்டு வாசகர்களுக்காக ஒன்று: லட்சத்தீவின் பித்ரா அருகே, களவாக் குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் இனம் இதேபோல நிலவை ஒட்டிக் கூடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் கண்டது மீன்பிடிப்புக்கு உள்ளாகாத திரள். அதனால் மிக நெருக்கமான கூட்டத்தில் ஆண்கள் துணை தேடும் முறையே மாறுவதையும் அவர்களால் பார்க்க முடிந்தது.