பாமினி எழுத்துருவில் உள்ள 640 பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்ற உதவி தேவை

மதுரையில் எங்கள் கல்லூரி மாணவர் இதழின் தளத்தை ஜூம்லா 1.5இலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. புதிய வடிவமைப்பு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் 2008 முதல் 2013 வரையிலான கட்டுரைகள் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வருகிறது. அந்தக் கால சீனியர்கள் எல்லாவற்றையும் பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு) அடித்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

ஆன்லைன் மாற்றியில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். சரியாக வருகிறது, ஆனால் மொத்தம் 640 கட்டுரைகள். அப்புறம் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி மொத்தமாக ஓட்டினேன். நடுவே இருந்த ஆங்கிலப் பெயர்கள், இணைப்பு முகவரிகள், எச்டிஎம்எல் குறிகள்கூடத் தமிழாகி, பக்கமே சிதறிவிட்டது. பாமினியை எழுத்துருவாக ஏற்றியும் பார்த்தேன். கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது, தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை.

இறக்குமதியின்போது, எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் என்று குறிக்கும் ஃபாண்ட் டேக்குகள் உதிர்ந்துவிட்டன. நல்லவேளை, பழைய தளத்தின் மைஎஸ்க்யூஎல் தரவுத்தள பேக்கப்பில் அவை அப்படியே இருக்கின்றன.

அந்த பேக்கப்பில், பாமினி என்று குறித்த ஃபாண்ட் டேக்குக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் யூனிகோடாக்கி, மற்றதைத் தொடாமல் விட என்ன வழி?