வெப்பமும் வறட்சியும் கூடினால் பீட் நிலத்துக்கு லாபமா, நட்டமா?

நாணல்:
பீட் நிலங்களைப் பற்றி, அதாவது செத்த செடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த சதுப்பு நிலங்களைப் பற்றி, கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உலக நிலப்பரப்பில் 3 சதவீதம்தான், ஆனால் எல்லாக் காட்டு மரங்களிலும் இருப்பதைவிட அதிகக் கார்பன் அதற்குள் கிடக்கிறது என்பது வரைக்கும் சரி. வெப்பமும் வறட்சியும் கூடினால் அந்தக் கார்பன் வெளியே வந்துவிடும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், இங்கேதான் எனக்கு இடிக்கிறது. குளிர்ப் பிரதேசத்தில் சூடு கூடினால் செடிகள் வளரும் காலம் நீளும், பாசி இருந்த இடத்தில் புதர்களும் மரங்களும் வரும், அப்போது உள்ளே போகும் கார்பனும் கூடத்தானே வேண்டும்? அப்புறம், நிலம் காய்ந்தால் அதிலிருந்து வரும் மீத்தேன் என்ற வெப்பமூட்டும் வாயு குறையும் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் வறட்சியால் ஒருவகையில் லாபம் என்றே சொல்லலாம் போலிருக்கிறதே. வம்புக்குக் கேட்கவில்லை, என் கணக்கு எங்கே உதைக்கிறது என்று யாராவது சொன்னால் போதும்.

சேற்றுக்கால்:
வரவை மட்டும் எண்ணிக்கொண்டு செலவை விட்டுவிட்டீர்கள். பீட் நிலத்தில் செடிகள் ஒன்றும் பிரமாதமாக வளர்வதில்லை, பெரும்பாலான காடுகளைவிட மந்தம்தான். செத்த செடி மக்குவது அதைவிடவும் மந்தம் என்பதால்தான் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று அடுக்கு ஏறுகிறது. ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகிவிடும்.

மக்காமல் காப்பது தண்ணீர். நீர்மட்டத்துக்குக் கீழே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, பூஞ்சைகளுக்கு அங்கே வேலை ஓடாது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு ஸ்பேக்னம் என்ற பாசிக்கு. அதற்கு வேரும் இல்லை, இலைத்துளையும் இல்லை, உடம்பில் பாதிக்கு மேல் உள்ளீடற்ற செத்த செல்கள், அவற்றில் தன் உலர் எடையைப் போலப் பதினைந்து இருபது மடங்கு தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். சுற்றியுள்ள நீரையும் அமிலமாக்கிவிடும், மற்ற செடிகள் எளிதில் உள்ளே வர முடியாது. செத்தாலும் லேசில் மக்காது. தான் வாழ வேண்டிய சதுப்பைத் தானே கட்டிக்கொள்ளும் செடி அது.

இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. இலைத்துளை இல்லாததால் வெயிலில் தண்ணீர் போவதைத் தடுக்க அதனிடம் எந்த வழியும் கிடையாது. நீர்மட்டம் இறங்கினால் மேற்பகுதி வெளுத்து, ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். கொஞ்ச நாள் என்றால் பிழைத்துக்கொள்ளும், அதுவும் இனத்துக்கு இனம் மாறும். மேட்டில் நெருக்கமாக வளரும் இனங்கள் தந்துகி ஏற்றத்தால் கீழிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கின்றன, பள்ளத்தில் தளர்வாக வளர்பவைதான் முதலில் காய்கின்றன. நீங்கள் சொன்ன புதர்கள் நுழைவதும் இந்த நேரத்தில்தான். வேகமாக வளர்வார்கள், உண்மை, ஆனால் வேர் வழியாக நீரை இறைத்து ஆவியாக்குவார்கள், பாசிக்கு நிழலும் கட்டுவார்கள்.

வடதிசை:
நாணல், உங்கள் கேள்வியை அப்படியே எடுத்துச் சோதித்துப் பார்த்த ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவில் ஸ்ப்ரூஸ் என்ற பெயரில் நடத்தியது. ஒரு பீட் சதுப்பில் மேலே திறந்த பத்துக் கூண்டுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 மீட்டர் அகலம், உள்ளே மரம், புதர், பாசி எல்லாம் அப்படியே இருந்தன. காற்றை மட்டும் சூடாக்காமல் பீட்டையும் இரண்டு மீட்டர் ஆழம்வரை சூடாக்கினார்கள். சுற்றுப்புறத்தைவிட 0, 2.25, 4.5, 6.75, 9 டிகிரி என்று படிப்படியாக. பாதிக் கூண்டுகளில் கரியமில வாயுவையும் கூட்டினார்கள். ஆழ்பீட்டைச் சூடாக்குவது 2014இல் ஆரம்பம், காற்றைச் சூடாக்குவது 2015இல்.

இரண்டாம் ஆண்டில் உங்கள் பக்கம்தான் ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதமான சூட்டில் ஸ்பேக்னம் வளர்ச்சி கூடியது, 5 டிகிரி வாக்கில் உச்சம், அதற்கு மேல் இறக்கம். மூன்றாம் ஆண்டிலோ ஒவ்வொரு டிகிரிக்கும் நேர்கோட்டில் உற்பத்தி குறைந்துகொண்டே போனது. காரணம் பாசி காய்ந்து செத்துப்போனது. கிட்டத்தட்ட முழுத் தரையையும் மூடியிருந்த பாசி, மிகச் சூடான கூண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கரியமில வாயு கூடிய கூண்டுகளில் இன்னும் மோசம், புதர்கள் கொழுத்து நிழல் விழுந்தது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். புதர்களின் நுண்வேர்களும் சூடு கூடக்கூட ஏகத்துக்கு வளர்ந்தன. அதாவது செடி வளர்ச்சி கூடத்தான் செய்தது, கூடிய வளர்ச்சி பாசியுடையது அல்ல. மொத்த வரவு செலவு பார்த்தால், சூடாக்கிய கூண்டுகள் கார்பனை இழந்துகொண்டிருந்தன, அதுவும் பழைய காலத்தில் சேர்ந்த வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில்.

ஒரு விஷயம் மட்டும் ஆறுதல். ஆழத்தில் கிடக்கும் பழைய பீட்டைச் சூடாக்கிய முதல் ஒரு வருடத்தில் அது பெரிதாக அசையவில்லை. கூடுதலாக வந்த மீத்தேன் மேல் அடுக்கிலிருந்து வந்ததுதான். சூடு மட்டும் என்றால் ஆழ்பீட் பொறுத்துக்கொள்ளும் போல. நீர்மட்டமும் சேர்ந்து இறங்கினால் கதை வேறு.

தர்க்கன்:
இதையெல்லாம் ஒரே மாதிரி எல்லா பீட் நிலத்துக்கும் பொருத்திவிட வேண்டாம். வறட்சி வந்தால் கார்பன் போயே தீரும் என்பது ஒரே குரலில் முடிந்த விஷயமில்லை. 2001இல் வேல்ஸைச் சேர்ந்த கிறிஸ் ஃப்ரீமன் குழு நொதித் தாழ்ப்பாள் என்ற கருத்தை முன்வைத்தது. பீட்டில் பீனால் சேர்மங்கள் நிறைய, அவை மக்கவைக்கும் நொதிகளை முடக்கி வைக்கின்றன. அந்தப் பீனாலைச் சிதைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். வறட்சியில் காற்று நுழைந்ததும் பீனால் சிதையும், முடங்கிக் கிடந்த மற்ற நொதிகள் விழித்துக்கொள்ளும். மழை திரும்பிய பிறகும் இழப்பு கொஞ்ச காலம் தொடரும் என்று அதே குழு பின்னால் காட்டியது.

ஆனால் எதிர்த்திசையிலும் சான்று உண்டு. சில இடங்களில் நீர் வடிந்ததும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து கரிமப் பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள புதர்ச் சதுப்புகளில், வறட்சியில் கூடும் புதர்களே பீனாலைக் கூட்டி மக்குவதைத் தடுப்பதாகவும் கண்டிருக்கிறார்கள். எனவே புதர் வந்தாலே கெட்டது என்று சேற்றுக்கால் சொல்வது வடக்குப் பாசிச் சதுப்புக்குப் பொருந்தும், எல்லா இடத்துக்கும் அல்ல.

சேற்றுக்கால்:
தர்க்கன், எல்லா இடத்துக்கும் என்று நான் சொல்லவில்லையே. நீங்கள் காட்டும் புதர்ச் சதுப்புகள் ஏற்கெனவே வறட்சிக்குப் பழகிய தாவரங்கள் கொண்டவை, அங்கே இழப்பதற்குப் பாசிப் போர்வை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நீண்ட கால வறட்சி என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் காங்கோ ஆற்றுப் படுகைக்குப் போகலாம். 2017இல் வரைபடமாக்கிய அந்தப் பீட் நிலம் சுமார் 1,45,500 சதுர கிலோமீட்டர், சுமார் 30 பில்லியன் டன் கார்பன். அதன் அடுக்குகளைத் துளைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 7,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 2,000 ஆண்டுகளுக்கு முன்பு வரையான காலத்தின் பீட் பெரும்பகுதி காணவில்லை. அந்தக் காலத்தின் பிற்பகுதியில் தட்பவெப்பம் காய்ந்துகொண்டே வந்தது, அதற்கு முன் சேர்ந்ததும் மக்கிப் போய்விட்டது. இரும்பு, பீனால் எல்லாம் அங்கேயும் இருந்திருக்கும்தானே.

நாணல்:
சரி, வளர்ச்சி விஷயம் புரிந்தது. மீத்தேனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வடதிசை:
மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு போல வெப்பமூட்டும், ஆனால் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் நிற்கும். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும், மேலே மேலே சேரும். நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழே ஆழமாக இறக்கினால் மீத்தேனில் மிச்சப்படுவதைக் கரியமில வாயு சீக்கிரமே விழுங்கிவிடும். தரையை ஒட்டி, ஆனால் தரைக்கு மேலே தேங்காமல் நீர் நின்றால்தான் இரண்டும் சேர்ந்த சேதம் குறைவு. தண்ணீர் தேங்கிக் கோரை மண்டினால் மீத்தேன் கூடும் என்பதும் உண்மைதான், கோரையின் தண்டு காற்றுக்குழாய் மாதிரி, மீத்தேன் மேல் அடுக்கில் சிதையாமல் நேராக வெளியே வந்துவிடும். இன்னொன்று, வறட்சி என்றால் தீயையும் கணக்கில் எழுத வேண்டும். 1997இல் இந்தோனேசியாவில் எல் நினோ வறட்சியில் பீட் எரிந்தபோது வெளியான கார்பன் 0.81 முதல் 2.57 பில்லியன் டன் வரை என்று மதிப்பிட்டார்கள். எந்த மீத்தேன் சேமிப்பும் அதற்கு ஈடாகாது. அங்கே நெல் திட்டத்துக்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்திருந்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், நனைந்த பீட் அப்படி எரியாது.

நாணல்:
அப்படியானால் கால்வாயை அடைத்துத் தண்ணீரை ஏற்றிவிட்டால் பாசி திரும்பி வருமா? இல்லை, போனது போனதுதானா?

சேற்றுக்கால்:
தானாக வருவது கஷ்டம். நன்றாகக் காய்ந்த பீட் தண்ணீரை ஏற்காமல் ஒதுக்கும், மேற்பரப்பு இறுகியும் போயிருக்கும். கனடாவில் பீட் வெட்டி எடுத்த நிலங்களில் ஒரு முறை நன்றாக வேலை செய்கிறது. பக்கத்துச் சதுப்பிலிருந்து பாசியின் மேல் சில சென்டிமீட்டரை மட்டும் சீவி எடுத்து, துண்டாக்கித் தூவி, மேலே வைக்கோல் பரப்பிவிடுவார்கள், வடிகாலையும் அடைத்துவிடுவார்கள். சில ஆண்டுகளில் பாசிப் போர்வை திரும்பிவிடுகிறது. கார்பனை மீண்டும் சேர்க்க ஆரம்பிப்பதற்குப் பத்து ஆண்டு அல்லது அதற்கு மேலும் ஆகலாம். வைக்கோலை மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது இல்லையென்றால் தூவிய பாசி முதல் கோடையிலேயே காய்ந்துபோகும்.